பழுதுபார்ப்பதா, விற்பதா?

வீட்டில் இருக்கும் ஹார்மோனியம் கெட்டுப்போனால் யாரும் தலையைப் பிய்த்துக்கொள்வதில்லை. துருத்தியை ஒட்டி, ரீடைச் சுரண்டி, சுருதி சேர்த்துக் கொடுக்க ஊருக்கு ஒருவராவது இருப்பார். வீணையில் மெழுகு இளகி மெட்டுகள் இடம் பெயர்ந்துவிட்டால், மறுபடி மேளம் கட்டித் தருவதற்குத் தஞ்சாவூரில் ஆள் இருக்கிறது. மிருதங்கத்துக்கு மூட்டு மாற்றுவது சர்வ சாதாரணம். ஆனால் சிந்தஸைசர் என்னும் மின்சார வாத்தியம் நாற்பது வயதில் படுத்துக்கொண்டால் வீட்டுக்காரர் திகைத்துப்போகிறார். செலவழித்துப் பழுதுபார்ப்பதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா? இதை யோசித்து முடிப்பதற்குள் இரண்டு தீபாவளி வந்து போய்விடுகிறது. வாத்தியம் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது.

எந்த முடிவுக்கு வருகிறோம் என்பதைவிட, முடிவுக்கு வராமல் கழிக்கும் காலந்தான் பல வாத்தியங்களைக் கொன்றிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். காரணத்தைச் சொல்கிறேன்.

அதற்கு முன், இந்த வாத்தியத்தோடு பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சிந்தஸைசரில் தந்தி கிடையாது, தோல் கிடையாது, துருத்தி கிடையாது. மின்சாரத்தை ஓர் ஒழுங்கில் துடிக்கவிட்டு, அந்தத் துடிப்பை வடிகட்டி, கூட்டிக் குறைத்து, ஒலிபெருக்கி வழியாக நாதமாக்குகிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964-ல் இத்தகைய வாத்தியத்தை உருவாக்கினார். 1970-ல் அவருடைய கம்பெனி வெளியிட்ட மினிமூக் மேஜைமேல் வைக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனால் ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரந்தான் பேசும். 1978-ல் வந்த பிராஃபெட்-5 ஐந்து ஸ்வரங்கள் பேசியது, விலையோ பயமுறுத்தியது. 1981-ல் ஜப்பானின் கார்க் கம்பெனியார் பாலிஸிக்ஸ் என்ற ஆறு குரல் வாத்தியத்தை, சாதாரண வாத்தியக்காரரும் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில் கொண்டுவந்தார்கள். 1983-ல் யமஹாவின் டிஎக்ஸ்-7, 1984-ல் ரோலண்டின் ஜூனோ-106 என்று வரிசையாக வந்தன. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களிலும், திருவிழாப் பந்தல்களில் விடிய விடியப் பாடிய மெல்லிசைக் குழுக்களிலும் ஜப்பானிய வாத்தியங்கள் இடம் பிடித்தது அந்தக் காலத்தில்தான். சிங்கப்பூர் போய் வந்தவர்களோடு வந்து இறங்கியவையும் அவற்றில் உண்டு.

அவற்றுக்கெல்லாம் இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. இனி நோய் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நோய் என்ன?

இவ்விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. "காயலான் கடையில் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்; இந்த ஓசையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரிலேயே வருகிறது" என்பது ஒரு கட்சி. "ஐயோ, விற்காதீர்கள்! இந்தச் சரக்கு இனிக் கிடைக்காது" என்பது மற்றொன்று. இரண்டு கட்சிக்காரர்களும் வாத்தியத்தின் மூடியைத் திறந்து பார்த்ததில்லை. நாடி பார்க்காமலே ஒருவர் கஷாயம் சொல்கிறார். இன்னொருவர் பாடையே கட்டிவிடுகிறார்!

பழுது என்றால் எல்லாம் ஒன்றல்ல. காத்திருக்கும் பழுதும் உண்டு, காத்திராத பழுதும் உண்டு.

யமஹா டிஎக்ஸ்-7-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே நாணயம் அளவில் ஒரு லிதியம் பாட்டரி இருக்கிறது. வாத்தியத்தில் பதிந்து வைத்த 32 ஒலிகளும் மறந்துபோகாமல் காப்பது அதுதான். அது ஓய்ந்துவிட்டால் நினைவு கலைந்துபோகும். பியானோ பொத்தானை அழுத்தினால் ஏதோ தகரம் உருளும் சத்தம் வரும். வீட்டுக்காரர் "போய்விட்டது" என்று தீர்மானித்து, பழைய சாமான் விலைக்குக் கொடுத்துவிடுவார். வாங்கினவர் அந்தப் பாட்டரியை மாற்றி, கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒயர் வழியாகப் பழைய ஒலிகளைத் திரும்ப ஏற்றுவார். அரை நாள் வேலை. பிறகு முழு விலைக்கு விற்பார். இதில் அவரைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஜூனோ-106-ன் வியாதி வேறு. அதில் குரலுக்கு ஒன்றாக ஆறு சில்லுகள். 80017ஏ என்று அவற்றுக்கு எண். உற்பத்தி செய்தபோது அவற்றின் மேல் ஒரு பிசினைப் பூசி மூடினார்கள். காலம் செல்லச் செல்ல அந்தப் பிசினே சத்துருவாகி, மின்சாரத்தை வழிதவறிக் கசியவிடுகிறது. பஜனை கோஷ்டியில் ஆறு பேர் முறை வைத்துப் பாடும்போது ஒருவருக்கு மட்டும் தொண்டை கட்டியிருந்தால் எப்படியிருக்கும்? ஆறாவது ஸ்வரந்தோறும் கரகரப்பு, அல்லது மௌனம். 'கீ டிரான்ஸ்போஸ்' பொத்தானைப் பிடித்துக்கொண்டே ஸ்விட்சைப் போட்டால் வாத்தியம் சோதனை நிலைக்குப் போகும். அழுத்தும் கட்டைக்கு எந்தக் குரல் பேசுகிறது என்று எண்ணைக் காட்டும். நோயாளி யார் என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அந்தச் சில்லைக் கழற்றி அஸிடோனில் ஊறவைத்துப் பிசினை உரித்தெடுத்தால் பல சமயம் பிழைத்துக்கொள்கிறது. பிழைக்காவிட்டால், வெளிநாடுகளில் சிறு பட்டறைக்காரர்கள் அதற்கு மாற்றுச் சில்லே செய்திருக்கிறார்கள். இந்த நோய் அவசரப்படுத்தாது. ஒரு குரல் போன ஜூனோவை ஒரு வருஷம் அப்படியே வைத்திருந்து யோசித்தாலும், மற்ற பாகங்களை அது தின்றுவிடப் போவதில்லை.

பாலிஸிக்ஸ் அப்படியல்ல. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

கசியும் பாட்டரி

பாலிஸிக்ஸின் நினைவில் 32 ஒலிகளைப் பதிந்து வைக்கலாம். அதற்கு உயிர் கொடுப்பது, கேஎல்எம்-367 என்ற பலகையில் பற்றவைத்திருக்கும் ஒரு நிக்கல்-காட்மியம் பாட்டரி, 3.6 வோல்ட். வாத்தியத்தை ஓட்டும்போதெல்லாம் அது தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பாட்டரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்ற கடுங்காரம். முதுமையில் பாட்டரியின் வாய் விட்டுப்போய்க் காரம் கசிகிறது. பலகையின் மேலிருக்கும் மெல்லிய செம்புக் கோடுகளின் வழியே ஊர்ந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, கோடுகளை அரித்து, சில்லுகளின் கால்களையும் அவை உட்கார்ந்திருக்கும் சாக்கெட்டுகளையும் தின்கிறது. அந்தப் பலகையில்தான் வாத்தியத்தின் மூளை இருக்கிறது. முதலில் ஒரு பொத்தான் சொன்னபடி கேட்காது. பிறகு விளக்குகள் தாமாக மாறும். பிறகு ஒன்றுமே பேசாது.

வாத்தியம் ஸ்விட்ச் போடாமல் கிடந்தாலும் இந்தக் காரியம் நடக்கும். பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்தாலும் நடக்கும். "இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லும் ஒவ்வொரு மாதமும் சில கோடுகள் போய்க்கொண்டிருக்கலாம். இன்று ஒரு மணி நேரத்தில் துடைத்துச் சரிசெய்யக் கூடியது, நாலு வருஷம் கழித்துப் பலகையையே மாற்றவேண்டிய வேலையாகிவிடுகிறது. அரிசியில் விழுந்த வண்டு, நாம் விற்பதா சமைப்பதா என்று யோசித்து முடிக்கும்வரை பட்டினி கிடப்பதில்லை அல்லவா?

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1980-களில் மெல்லிசைக் குழு ஒன்றில் வாசித்தவர். விரல்களில் மூட்டுவாதம் வந்து மேடையை விட்டுப் பல வருஷங்கள் ஆகின்றன. அவருடைய பாலிஸிக்ஸ் கூடத்தில் துணி போர்த்தி இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் அதற்குப் பொட்டு வைத்து, அரை மணி நேரம் ஸ்விட்சைப் போட்டு வைப்பார். ஏன் என்று கேட்டேன்.

"பாட்டரி சாகாமல் இருக்கணும் ஸார். உள்ளே முப்பத்திரண்டு ஒலி இருக்கு. ஒண்ணொண்ணும் நானே வெச்சது. கல்யாணக் கச்சேரியிலே புல்லாங்குழல்காரர் வராத அன்னிக்கு அவருக்குப் பதிலா வாசிச்சது ஏழாவது ஒலி. அது போச்சுன்னா மறுபடி எனக்கு வைக்கத் தெரியாது."

வெளிநாட்டிலிருக்கும் மகன் விற்றுவிடச் சொல்கிறான். "அப்பா, நீங்கள் வாசிப்பதுமில்லை, இரண்டு பொத்தான் வேறு வேலை செய்யவில்லை, இப்போது நல்ல விலை வரும்" என்பது அவன் வாதம். நியாயமான வாதந்தான். தகப்பனாருக்கு அது காதில் ஏறவில்லை, ஏறாததும் நியாயந்தான். இருவரும் ஒரு வருஷமாகப் போனில் இதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கிடையே, அந்த முப்பத்திரண்டு ஒலிகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் பாட்டரியேதான் அடியில் பலகையைத் தின்றுகொண்டிருக்கிறது என்பது இருவருக்கும் தெரியாது. அந்த இரண்டு பொத்தான்கள் முரண்டு பிடிப்பது அதன் ஆரம்ப அடையாளமாக இருக்க எல்லா நியாயமும் உண்டு.

பாட்டரியை வெட்டி எடுத்தால் ஒலிகள் போய்விடுமே என்று கேட்கலாம். போகாமல் எடுக்க வழியிருக்கிறது. அந்தக் காலத்துக் கம்பெனிக்காரர்கள் பாலிஸிக்ஸின் முதுகில் டேப் என்று எழுதிய துவாரங்கள் வைத்திருக்கிறார்கள். நினைவில் உள்ள ஒலிகளின் கணக்கு முழுவதையும் கீச்சு கீச்சென்ற சத்தமாக்கி அது வெளியே அனுப்பும். சாதாரண காஸெட் ரிக்கார்டரில் பதிந்துகொள்ளலாம். இன்று ஏதாவது ஒரு ஒலிப்பதிவுக் கருவி இருந்தால் போதும். அந்தச் சத்தத்தைப் பிறகு திரும்பப் போட்டுக் காட்டினால் வாத்தியம் பழையபடி கற்றுக்கொள்ளும். பதிந்ததை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக்கொண்டு, பிறகு பாட்டரியின் கால்களை வெட்டவேண்டும். கசிவு ஏற்கெனவே பரவியிருந்தால் பதிவு சரியாக வராமலும் போகலாம். அதற்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

வெட்டிய பிறகு, கசிந்த இடத்தில் பஞ்சில் தொட்டு வினிகரைத் தடவிக் காரத்தை முறிக்கவேண்டும். பிறகு ஐஸோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலரவிடவேண்டும். அரிபட்ட கோடுகளுக்குப் பதிலாக மெல்லிய ஒயர் இழுத்துப் பற்றவைக்கலாம். மாற்றுப் பாட்டரியாக லிதியம் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. லிதியம் நாணயப் பாட்டரி சார்ஜ் ஏற்றுவதற்கு உரியதல்ல. வாத்தியம் அதற்குள் மின்சாரத்தைச் செலுத்தாதபடி ஒரு டயோடு வைத்துத் தடுத்தே தீரவேண்டும். இது தெரியாத மெக்கானிக்கிடம் வாத்தியத்தைக் கொடுக்காதீர்கள்.

மெக்கானிக் என்றதும் இன்னொன்று. இத்தகைய வாத்தியங்களின் உள்ளே சிறு திருகாணிகள் நிறைய இருக்கும். சுருதியையும் குரல்களின் ஒற்றுமையையும் சீராக்குவதற்காகக் கம்பெனியில் திருகி வைத்தவை அவை. வியாதி எங்கே என்று தெரியாத கைகள் முதலில் போவது அவற்றிடந்தான். ஒரு குரல் கெட்ட வாத்தியத்தைக் கொண்டுபோய் ஆறு குரலும் அபஸ்வரமாகத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் உண்டு. "ஸர்வீஸ் புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்பவரிடம் கொடுக்கலாம், "அதெல்லாம் எதற்கு ஸார்" என்பவரிடம் கொடுக்க வேண்டாம். அந்நாள் கம்பெனிகள் மின்சுற்றுப் படம் முழுவதையும் ஸர்வீஸ் புத்தகமாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். இக்காலத்துச் சாமான்களுக்கு அந்தத் தாராளத்தை எதிர்பார்க்க முடியாது. தவிரவும், 1981-ம் வருஷத்துப் பலகைகளில் உள்ள பாகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவில், கையால் பற்றவைக்கும்படி இருக்கின்றன. கண்டென்ஸரும் டயோடும் சாதாரணச் சில்லுகளும் சென்னை ரிச்சி தெருவில் அலைந்தால் கிடைக்கும். கிடைக்காதவை, குரல்களை வடிகட்டும் எஸ்எஸ்எம்-2044 சில்லுகள். உற்பத்தி நின்று வெகு காலமாகிறது. 2017-ல் அதே வம்சத்தில் ஒரு புதுச் சில்லு வெளிவந்தது. ஆனால் உருவில் சிறியதாகையால் பழைய சாக்கெட்டில் அப்படியே உட்காராது.

ஜப்பானிலிருந்து நேரே வந்த வாத்தியமானால் பின்பக்கம் 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230. நடுவில் மின்மாற்றி வைக்காமல் "ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமே" என்று சோதிப்பவர்கள், பழுதின் விலையை அந்த நிமிஷமே ஏற்றிவிடுகிறார்கள்.

கணக்கு

நோய் தெரிந்த பிறகு விலைப் பேச்சுக்கு வருவோம். மூன்று விலைகளை விசாரித்துக்கொள்ளவேண்டும்: நன்றாகப் பேசும் வாத்தியத்துக்கு என்ன விலை, இப்போதுள்ள நிலையில் என்ன விலை, பழுதுபார்க்க என்ன செலவு. ஒரு பேச்சுக்கு, நல்ல வாத்தியம் ஒரு லட்சம், பழுதானது முப்பதாயிரம், ரிப்பேர் நாற்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். பழுதுபார்த்துவிட்டு விற்பவருக்கு முப்பதாயிரம் மிச்சம். ரிப்பேர் எண்பதாயிரம் என்றால் அப்படியே விற்பதுதான் புத்தி. கணக்கு இவ்வளவுதான். ஆனால் ரிப்பேர்க்காரர் முதலில் சொல்லும் தொகை எந்த வாத்தியத்திலும் கடைசித் தொகையாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாசிக்கிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் விற்க நினைக்கவில்லை. சந்தை விலை அவருக்கு எதற்கு? கையாளும் வாத்தியத்தைப் பழுதுபார்ப்பது, உழுகிறவர் கலப்பைக்குக் கொழு மாற்றுவது போல. யோசனைக்கே இடமில்லை.

ஓசைதான் வேண்டும், அந்தப் பெட்டிதான் வேண்டுமென்பதில்லை என்பவர்கள் மனச் சங்கடமின்றி விற்கலாம். கார்க் கம்பெனியாரே 2004-ல் பாலிஸிக்ஸைக் கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளாக வெளியிட்டார்கள். ரோலண்டார் 2015-ல் ஜூனோ-106-ன் ஓசையைக் கையடக்கமான சிறு பெட்டியில் அடைத்துக் கொடுத்தார்கள். அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் கேட்கிறது என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாண மண்டபத்தின் இரைச்சலில் அதைக் கேட்டுச் சொல்லக்கூடிய காது எனக்கு இல்லை.

வாசிக்கவும் இல்லை, விற்கவும் மனமில்லை என்பவர்களுக்கு மூன்றாவது வழியொன்று உண்டு. நம் ஊரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. மலையாளப் படங்களுக்கு இசையமைத்த ஆர்.கே. சேகர் 1976-ல் சென்னையில் காலமானபோது மகனுக்கு ஒன்பது வயது. அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அந்த மகன்தான் ஏ.ஆர். ரஹ்மான். ஆனால் வாடகைக்குப் போகும் வாத்தியம் பேசவேண்டும். கட்டிலுக்கு அடியில் ஊமையாகக் கிடப்பதற்கு யார் வாடகை தருவார்கள்?

எனக்குப் பிடிக்காத விற்பனை ஒன்று உண்டு. பாகம் பாகமாகப் பிரித்து விற்பது. பழுதான பாலிஸிக்ஸை மலிவாக வாங்கி, ஆறு வடிகட்டிச் சில்லுகளையும் பிடுங்கித் தனித்தனியே விற்றால், சிலர் கணக்கில் முழு வாத்தியத்தைவிட லாபம். பலகை தீர்ந்துபோனதென்றால் சரி, அந்த உறுப்புகளாவது இன்னோர் இடத்தில் பேசட்டும். வெறும் பாட்டரிக் கசிவுக்காக அப்படிச் செய்வது, சளி பிடித்தவனைச் சவக்கிடங்குக்கு அனுப்புவது மாதிரி. விற்பவர்கள், வாங்க வருகிறவர் இதை எதற்காக வாங்குகிறார் என்று ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை.

விற்பதென்று தீர்மானித்தால் பழுதை மறைக்கவேண்டாம். "ஸ்விட்ச் போட்டுப் பார்க்கவில்லை" என்று எழுதுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. போட்டுப் பார்த்தேன், பேசவில்லை என்பதற்கு அது மறுபெயர். மூடியைத் திறந்து பாட்டரிப் பக்கத்தைப் படம் எடுத்துக் காட்டுங்கள். கசிவு இருந்தால் இருப்பதாகவே தெரியட்டும். பாட்டரியை எடுத்துவிட்டுச் சுத்தம் செய்து வைத்த வாத்தியத்துக்கு, விஷயம் தெரிந்தவர்கள் கூடத்தான் கொடுப்பார்கள். பெட்டி கட்டும்போது ஒலிகளைப் பதிந்த டேப்பை மறக்காமல் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதை வாத்தியத்தோடு அனுப்புங்கள். கட்டைகளின் மேல் பாரம் விழாமல் பலகை ஒன்றை இடையில் கொடுத்து, நாலு மூலைக்கும் தடித்த பஞ்சு வைத்துக் கட்டவேண்டும். லாரி ஆபீஸில் "கண்ணாடிச் சாமான்" என்று எழுதச் சொல்லுங்கள். சிந்தஸைசர் என்று எழுதினால் அவர்களுக்குப் புரியாது.